மசராட்டி 3500 ஜிடி, லான்ச்சா ஃப்ளமீனியா ஜிடி, ஈசோ ரிவோல்ட்டா: மூன்றில் எதை வாங்குவது?

1960ஐ ஒட்டிய இத்தாலிய ஜிடி கார் (வேகமாகவும் சுகமாகவும் நீண்ட தூரம் போவதற்கான கார்) ஒன்று வேண்டும், ஆனால் ஃபெராரி விலை கட்டுப்படியாகாது. இப்படித் தேடத் தொடங்குபவர் முன்னால் கடைசியில் பெரும்பாலும் மூன்று கார்கள் வந்து நிற்கும். மோதெனாவின் மசராட்டி 3500 ஜிடி, தூரினின் லான்ச்சா ஃப்ளமீனியா ஜிடி, மிலானை அடுத்த ப்ரெஸ்ஸோவில் தயாரான ஈசோ ரிவோல்ட்டா. மூன்றும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. சந்தையில் மசராட்டி தனி உயரத்தில் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மற்ற இரண்டும் பொதுவாக அதன் விலையில் பாதிக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

வாங்குபவர்கள் குதிரைத்திறனையும் பெயரையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் மசராட்டி ஜெயிக்கும், விவாதமும் அங்கேயே முடிந்துவிடும். வாங்கிய இரண்டாம் ஆண்டில் பில் வரத் தொடங்கும்போது கணக்கு வேறாகத் தெரியும். இந்தக் கார்களில் இன்ஜின் செலவை முன்கூட்டியே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். பாடியின் செலவை, தகட்டைப் பிரிக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காருக்கு அடியிலிருந்தும் விளிம்புகளிலிருந்தும் பார்வையைத் தொடங்க வேண்டும். பானட்டைத் திறப்பது கடைசி வேலை.

முதலில் மூன்றும் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

மசராட்டி 3500 ஜிடி 1957 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்தது. பந்தயத்தையே நம்பியிருந்த நிறுவனம் வரிசையாகக் கார் தயாரித்து விற்கும் நிறுவனமாக மாறியது இந்த மாடலால்தான். ஜூலியோ ஆல்ஃபியேரி வடிவமைத்த 3,485 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், 350எஸ் பந்தயக் காரின் இன்ஜினிலிருந்து வந்தது. இரட்டை மேல் கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வெபர் 42 டிசிஓஇ கார்புரேட்டர், 220 குதிரைத்திறன். 1961 முதல் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனுடன் வந்தது ஜிடிஐ, 235 குதிரைத்திறன். இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் இத்தாலியக் கார் அதுவே. 1964 வரை, பாடி கட்டும் நிறுவனமான விக்னாலே செய்த திறந்த கார்களையும் சேர்த்து, சுமார் 2,200 தயாராயின.

ஃப்ளமீனியா, அந்தோனியோ ஃபெஸ்ஸியாவின் மேற்பார்வையில் உருவானது. 60 பாகை வி6 இன்ஜின், முன்னோடியான அவுரேலியாவுக்காக ஃபிரான்செஸ்கோ தெ வெர்ஜிலியோ உருவாக்கிய வி6 குடும்பத்தின் வழியில் வந்தது. டூரிங் என்ற நிறுவனம் பாடி கட்டிய இரண்டு இருக்கை ஜிடி முதலில் 2,458 சிசி, ஒற்றைக் கார்புரேட்டர், 119 குதிரைத்திறனோடு வந்தது. 1961இல் மூன்று வெபர் கார்புரேட்டர் கொண்ட 3சி, 140 குதிரைத்திறன். 1963இல் 2,775 சிசி, 150 குதிரைத்திறன். எண்கள் அடக்கமானவைதான். ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் பின்னால், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரு குழாய் இணைக்கும் தெ தியோன் அச்சு, பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரென்ஷியலை ஒட்டி. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்து நிற்பதால் வளைவில் காட்டும் நிதானம் மசராட்டிக்குக் கிடையாது.

ஈசோ ரிவோல்ட்டாவின் கதை வேறு. குளிர்பதனப் பெட்டியும் ஸ்கூட்டரும் ஈசெட்டா குட்டிக் காரும் செய்த ரென்ஸோ ரிவோல்ட்டா, 1962இல் நான்கு பேர் உட்காரும் ஜிடியோடு வந்தார். சேஸி ஜொத்தோ பிட்ஸாரினி, பாடி பெர்ட்டோனே வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த இளைஞர் ஜியுஜாரோ, இன்ஜின் அமெரிக்காவின் செவ்ரலே கார்வெட்டுக்குரிய 5,354 சிசி வி8. 300 அல்லது 340 குதிரைத்திறன். 1970 வரை மொத்தம் 800க்குப் பக்கத்தில்தான் தயாராயின. மூன்றில் எண்ணிக்கையில் இதுவே அரிது, ஆனால் விலை மட்டும் அதைக் காட்டாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் பழைய கார்களுக்கான இன்றைய மில்லே மில்லியா ஓட்டத்தில் கலந்துகொள்வதற்காகக் கார் தேடுபவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்தலாம். 1927 முதல் 1957 வரை அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல்களுக்கே அங்கே இடம். அவருக்குரியது லான்ச்சா அவுரேலியா பி20.

தகட்டுக்கு அடியில் இருப்பது

மசராட்டி கூபேயும் (கூரை மூடிய இரு கதவுக் கார்) ஃப்ளமீனியா ஜிடியும் மிலானின் டூரிங் நிறுவனம் கட்டியவை. அவர்களுடைய முறைக்குப் பெயர் சூப்பர்லெஜேரா. சேஸியின் மேல் மெல்லிய எஃகுக் குழாய்களால் காரின் உருவத்தையே ஒரு கூண்டாக வளைத்து, அதன்மேல் கையால் தட்டிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி, விளிம்புகளில் எஃகின்மேல் மடித்துவிடுவார்கள். எடை குறையும், வடிவமும் நயமாக வரும். ஆனால் எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். அடியில் எஃகும் துருப்பிடித்து ஊதி, மேலே இருக்கும் மடிப்பைப் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே வைத்த துணி, ஈரத்தைத் தடுக்க வேண்டியது, வயதாகி நீரைப் பிடித்துவைக்கத் தொடங்கிவிடும்.

எங்கே பார்க்க வேண்டும்? கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவின் உதடு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கி மூடியின் பின் ஓரம், கதவுக்கு அடியில் ஓடும் சில். பெயின்ட்டில் மிளகு அளவுக்குக் கொப்புளங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது பெயின்ட்டரின் தவறு அல்ல, உள்ளிருந்து வருவது. பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க, எஃகுக் காருக்குப் பயன்படுத்தும் சாதாரண காந்தவகை அளவிக் கருவி இங்கே உதவாது. அலுமினியத்தின் மேல் அது எதையும் காட்டாது. இரும்பல்லாத உலோகத்தில் சுழல்மின்னோட்ட முறையில் அளக்கும் கருவி வேண்டும். மறுபெயின்ட் ஆன காரில் 150, 250 மைக்ரான் சகஜம். ஓரிடத்தில் திடீரென்று 800, 1,000 என்று ஏறினால் அங்கே பட்டி இருக்கிறது. அதேசமயம் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அலுமினியமாக இருக்க வேண்டிய பக்கவாட்டுத் தகட்டில் காந்தம் ஒட்டினால், யாரோ எஃகில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அது இன்னும் வேகமாக அரிக்கும்.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. கார் தரையில் நிற்கும்போது கதவின் இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் லிஃப்டில் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். கதவு பிடித்துக்கொண்டாலோ இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறினாலோ, காரின் அடித்தளம் தளர்ந்திருக்கிறது. ஃப்ளமீனியாவில் இந்தச் சோதனை மிக முக்கியம். மசராட்டிக்குத் தடித்த குழாய்களால் ஆன தனிச் சேஸி உண்டு, பாடி கொஞ்சம் நலிந்தாலும் கார் தாங்கும். ஃப்ளமீனியா ஜிடிக்கு அப்படி இல்லை. பெரிய சலூனின் எஃகுத் தளத்தைக் குறுக்கி, சக்கர இடைவெளியை 2,520 மில்லிமீட்டராக்கி, அதன்மேல் டூரிங் கூண்டு கட்டியது. சில்லும் தளமும் பின் ஸ்ப்ரிங் பிடிமானமும் போனால் முதுகெலும்பே போனதுபோல. மசராட்டியில் பார்க்க வேண்டியது குழாயிலிருந்து வெளியே நீளும் கைகள், ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டைஸ்ப்ரிங்கின் தொங்கல் ஆகியவை.

சரிசெய்ய என்ன ஆகும்? விளிம்பை மெல்லப் பிரித்து, தகட்டைத் தூக்கி, அரித்த குழாயை வெட்டி அதே வளைவில் புதுக் குழாய் பற்றவைத்து, எபாக்ஸி அல்லது துத்தநாகக் குரோமேட் ப்ரைமர் பூசி, இரண்டு உலோகமும் தொடாதபடி இடையில் மின்கடத்தாப் படலம் வைத்து, மறுபடி மடிக்க வேண்டும். அறுபது வயது அலுமினியம் ஒருமுறை பிரித்தால் விளிம்பில் வெடிக்கும். அங்கே புதுப் பட்டை பற்றவைத்துத் தட்ட வேண்டும். முழுக் கார் என்றால் பாடி வேலை மட்டும் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். கையால் செய்த பாடி என்பதால் ஒரு காரின் பானட் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தாது. முன் கிரில்லும் க்ரோம் பட்டையும்கூட அப்படித்தான். ஆகவே உதிரியாகக் கழன்ற பாகங்களோடு பெட்டியில் வரும் காரில் ஒரு க்ரோம் பட்டை குறைந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஈசோவின் பாடி முழுக்க எஃகு. வேலை எந்த நல்ல டிங்கரிங் பட்டறைக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் அதன் அடிச்சட்டம் பெட்டி வடிவ எஃகு, பாடி அதோடு பற்றவைக்கப்பட்டது. பெட்டிக்குள் போன நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே தின்னும். வெளியே புதிய கறுப்புக் கோட்டிங் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். நீர் வடியும் துளை வழியாகச் சிறிய குழாய்க் கேமராவை விட்டுப் பாருங்கள். துளையே அடைபட்டுக் கிடந்தால் அதுவே ஒரு பதில்.

மசராட்டி: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

3500 ஜிடியை அழகாக்குவது அந்த இன்ஜின். அதைத் தாங்குவது பிறநாட்டுச் சாமான்கள். பிரேக் இங்கிலாந்தின் கர்லிங், பின் அச்சு சாலிஸ்பரி, முன் சஸ்பென்ஷன் ஆல்ஃபர்ட் அண்ட் ஆல்டர், கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப். இதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை, வாங்குபவருக்கு இது நன்மை. பிரேக் சீல், வீல் பேரிங், டிஃபரென்ஷியல் பாகம் எல்லாம் அன்றைய ஆங்கிலக் கார்களின் உதிரிச் சந்தையிலேயே கிடைக்கும். முன் டிஸ்க் பிரேக் 1959இல் விருப்பத் தேர்வாக வந்து அடுத்த ஆண்டு வழக்கமானது. ஐந்து கியர் பெட்டி 1961இல் வழக்கமானது. முன் டிஸ்க்கும் ஐந்து கியரும் உள்ள கார்புரேட்டர் கார் கிடைத்தால், ஓட்டுபவருக்கு அதுவே சரியான கலவை.

இரட்டை ஸ்பார்க் பிளக் அமைப்பைச் சோதிப்பது எளிது. இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு காயிலின் மின்னிணைப்பைக் கழற்றுங்கள். சுருதி கொஞ்சம் இறங்கி ஓட்டம் தொடர வேண்டும். பிறகு அதை மாட்டி மற்றதைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் கழற்றியதும் இன்ஜின் உதறினால் மற்ற வரிசையில் ஏதோ ஒரு பிளக்கோ வயரோ வேலை செய்யவில்லை. பல கார்கள் இப்படிப் பாதி பிளக்கில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. கம்ப்ரஷன் சோதனையை இன்ஜின் சூடாக இருக்கும்போது த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஆறு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைத் திரும்பப் பேச வேண்டும். அலுமினிய ஹெட்டில் நீர் செல்லும் துளைகள் அரிப்பது இந்த இன்ஜினின் பழைய நோய். கூலன்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி ஜிடிஐ. லூகாஸ் முறையில் டிக்கிப் பக்கம் உள்ள மின்பம்ப் பெட்ரோலை ஏறக்குறைய 7 பார் அழுத்தத்தில் முன்னால் தள்ளும். இன்ஜினோடு சுழலும் பகிர்வுக் கருவிக்குள் ஒரு சின்ன உருளை முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து கொடுக்கும். எவ்வளவு கொடுப்பது என்பதை மேனிஃபோல்டின் வெற்றிட அழுத்தம் தீர்மானிக்கும். கோட்பாடு தெளிவானது. பழுதும் தெளிவானதே. அந்தப் பம்ப் சூடாகும், சூடான பம்ப் பெட்ரோலை ஆவியாக்கும், ஆவியை அழுத்த முடியாது. குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, கால் மணி கழித்து ஸ்டார்ட் செய்ய மறுக்கும் ஜிடிஐயில் இதுதான் நடக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் குறையக் குறைய, திரும்பி வரும் எரிபொருளே டேங்க்கைச் சூடாக்கி நிலைமையை மோசமாக்கும். ஆகவே கால் டேங்க்குக்குக் கீழே போகவிடாதீர்கள். பலர் பம்ப்பை மட்டும் மாற்றி பாஷ் பம்ப் வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள், வெளியே தெரியாத, எப்போது வேண்டுமானாலும் திருப்பிவிடக்கூடிய மாற்றம். நீண்ட நாள் நிறுத்திவைத்தால் பகிர்வுக் கருவியின் உருளை பசையேறி ஒட்டிக்கொள்ளும். அதன் இடைவெளிகள் மிக நுண்ணியவை. உப்புத்தாளோடு நெருங்கும் மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள்.

இந்தத் தொல்லையால் பல ஜிடிஐகள் எப்போதோ வெபருக்கு மாற்றப்பட்டுவிட்டன. அப்படி மாறிய கார் தவறான கார் அல்ல. ஓட்டுவதற்கு அது சுகமும்கூட. விலை பேசும்போது மட்டும் ஒரு கேள்வி: கழற்றிய இன்ஜெக்‌ஷன் எங்கே? பகிர்வுக் கருவி, கலவைக் கட்டுப்பாட்டுக் கருவி, ஆறு இன்ஜெக்டர், த்ராட்டில்களோடு கூடிய மேனிஃபோல்ட், பம்ப், ஃபில்டர். இவை அனைத்தும் காரோடு பெட்டியில் வந்தால் ஜிடிஐ விலை கொடுக்கலாம். வராவிட்டால் இது மாற்றம் கண்ட கார், அதற்கேற்ற விலைதான்.

கார்புரேட்டரையே விரும்புபவருக்கு நான் சொல்வது, மாற்றிய ஜிடிஐயைவிடப் பிறவியிலேயே கார்புரேட்டரோடு வந்த 1960, 61 கார் மேல். விற்கும்போது எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஃப்ளமீனியா: பின்னால் இருப்பதைப் பாருங்கள்

கிளட்ச் பின்னால் இருப்பதால் ஒரு வினோதம். கார் நிற்கும்போதும், நியூட்ரலில்கூட, இன்ஜினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இதையே சோதனையாக்கலாம். நின்ற இடத்தில் ஆயிரத்திலிருந்து நாலாயிரம் சுழற்சிவரை மெல்ல ஏற்றுங்கள். ஏதோ ஓர் இடத்தில் தரை அதிர்ந்தால், ஷாஃப்டின் ரப்பர் இணைப்புகள் வெடித்திருக்கின்றன அல்லது யாரோ பேலன்ஸ் பார்க்காமல் மாட்டியிருக்கிறார்கள். நிற்கும்போது அமைதி, 90 கி.மீ. வேகத்தில் மட்டும் அதிர்வு என்றால் சக்கரத்தையோ பக்க ஷாஃப்டையோ பாருங்கள். ரப்பர் இணைப்பின் விலை பெரிதல்ல. அதை விட்டுவிட்டு ஓட்டினால் கியர்பாக்ஸ் முன் பேரிங்கைத் தின்னும், அதுதான் பெரிய செலவு.

கிளட்ச் மாற்றவும் பின் அமைப்பு முழுவதையும் இறக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி பல மடங்கு வரும். ஆகவே இறக்கும் நாளில் கிளட்ச் தட்டு, அழுத்தப் பேரிங், டிஃபரென்ஷியல் எண்ணெய் சீல்கள், பின் டிஸ்க், காலிப்பர் சீல், ஹேண்ட் பிரேக் பேட் என அங்கே எட்டும் அத்தனையையும் ஒரே தடவையில் முடித்துவிடுவதே கணக்கு. ஒன்றை மட்டும் செய்து ஏற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி இறக்குவீர்கள். டிஃபரென்ஷியலின் பக்க சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பின் டிஸ்க்கின் மேல் போகும். பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று காலிப்பரை மட்டும் சரிசெய்து காசை வீணாக்குபவர்கள் உண்டு. லிஃப்டில் ஏற்றி டிஸ்க்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் பட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

இரண்டாம் கியரைக் காரின் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே சோதியுங்கள். விற்பவர் காரைச் சூடாக்கிவைத்துக் காத்திருந்தால், அடுத்த நாள் காலையில் திரும்பப் போங்கள்.

இன்ஜின் அலுமினிய பிளாக், நீர் சூழ்ந்த லைனர், தள்ளுகம்பி வால்வு. நல்ல கூலன்டும் எண்ணெயும் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டையும் லைனரின் அடி சீலையும் சந்தேகப்படுங்கள். ஒற்றைக் கார்புரேட்டரா 3சியா என்ற கேள்விக்கு என் பதில், காசு இருந்தால் 2.8 3சி, அதாவது 2,775 சிசி, மூன்று கார்புரேட்டர் கார். மூன்று கார்புரேட்டர்களைச் சமன்செய்வது காற்றளவி கையில் இருப்பவருக்கு ஒரு மதிய வேலை. 119 குதிரைத்திறன் கார், மலைப்பாதையில் முன்னால் போகும் லாரியைத் தாண்ட இடம் தேடிக்கொண்டே இருக்கும். அதன் உச்ச வேகம் 180 கி.மீ., அதுவும் சமவெளியில். ஆனால் ஒற்றைக் கார்புரேட்டர் காரில் பின்னாளில் மூன்று கார்புரேட்டர் ஏற்றி 3சி என்று விற்பதும் உண்டு. இன்ஜின் எண்ணின் முன்னொட்டைத் தொழிற்சாலை ஆவணத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இயந்திரப் பாகங்களுக்குப் பெரிய துணை, பினின்ஃபரினா செய்த ஃப்ளமீனியா கூபே. எஃகு பாடி, நீளமான சக்கர இடைவெளி, 5,000க்கும் மேல் தயாரானது. அதன் கியர்பாக்ஸும் பிரேக்கும் இன்ஜின் உள்பாகங்களும் டூரிங் காருக்குப் பெரும்பாலும் உதவும். பட்ஜெட் இறுக்கமானால் அந்தக் கூபேயையே வாங்குவதில் தவறில்லை. சாலையில் ஏறக்குறைய அதே சுகம்.

ஒரு பொறி டயரில் இருக்கிறது. ஃப்ளமீனியாவின் சக்கர விளிம்பு 400 மில்லிமீட்டர், அதாவது 15.75 அங்குலம். 15 அங்குல டயர் ஏறாது. 16 அங்குல டயர் ஏறும், ஆனால் விளிம்பில் பிடிக்காது, வளைவில் கழன்று வரும். 165-400 அளவில் இன்று சில நிறுவனங்களே தயாரிக்கின்றன, விலை அதிகம், சில சமயம் காத்திருக்கவும் வேண்டும். மசராட்டிக்கு 185விஆர்16, ஈசோவுக்கு 205விஆர்15, இரண்டும் பிரெல்லி சின்ட்டுராட்டோ வரிசையில் மறுதயாரிப்பாகக் கிடைக்கின்றன. எந்தக் காரானாலும் டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வயதைத் தாண்டிய டயரோடு சோதனை ஓட்டமே வேண்டாம்.

ஈசோ: மலிவான இன்ஜின், விலையுயர்ந்த மிச்சம்

சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 101.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 82.55. அமெரிக்கப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் இன்ஜின் இது. தண்ணீர் பம்ப், கேஸ்கெட் செட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், கார்ட்டர் கார்புரேட்டரின் ரிப்பேர் கிட் எல்லாம் சில நாளில் கைக்கு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டின் இடைவெளியை டுவெல் கோணமாக (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 பாகைக்கு வைக்க வேண்டும், பிளக் இடைவெளி 0.9 மி.மீ. இவ்வளவு தெரிந்தால் ட்யூனிங்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் கடினமாக்கிய வால்வு இருக்கைகள் இருக்காது. ஈயமில்லாப் பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் இருக்கை தேயும். ஹெட்டைக் கழற்றும் முதல் வாய்ப்பில் கடின வளையம் பொருத்திவிடுங்கள். கேம் தட்டையான டாப்பெட்டில் ஓடுவதால் துத்தநாகச் சேர்க்கை உள்ள பழைய கார்களுக்கான எண்ணெய் ஊற்ற வேண்டும்.

தொல்லை எங்கே? நகர நெரிசலில் சூடாகும். பெரிய இன்ஜின், இறுக்கமான பானட். ரேடியேட்டரின் உள்ளடுக்கை மாற்றித் தெர்மோஸ்டாட் ஸ்விட்ச்சோடு மின்விசிறி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். இங்கேயும் தெ தியோன் அச்சு, அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பு, பின் டிஸ்க்குகள் டிஃபரென்ஷியலை ஒட்டி. லான்ச்சாவுக்குச் சொன்ன எண்ணெய்க் கசிவு எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இதில் கிளட்ச் வழக்கம்போல் முன்னால் இருப்பதால் அந்த வேலை மட்டும் சுலபம். போர்க்-வார்னரின் நான்கு கியர் பெட்டி முரட்டுத்தனமானது, மலிவானது. இசட்எஃப் ஐந்து கியர் இருந்தால் நெடுஞ்சாலையில் சத்தம் குறையும், விற்பனை விலையும் கூடும், பழுதானால் பில்லும் அப்படியே.

உண்மையான அரிதுத்தன்மை தெரிவது கண்ணாடி உடையும்போது. முன் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கிரில், உள்ளலங்காரம் ஆகியவற்றில் ஒன்று போனாலும் உலகம் முழுக்க தேட வேண்டும். இந்த மாடலில் 800 கார் மட்டுமே செய்து 1974இல் மூடிய நிறுவனத்துக்கு உதிரிக் கிடங்கு கிடையாது. ஆகவே ஈசோவில் இன்ஜின் பழுதாய் இருந்தாலும் பரவாயில்லை, முழுமையான காரை வாங்குங்கள். இன்ஜின் புத்தம் புதிது, ஆனால் பக்கக் கண்ணாடியும் டேஷ்போர்டு மீட்டரும் இல்லை என்ற காரைத் தொட வேண்டாம்.

தாள்கள்

மசராட்டியில் சோதனை நேரடியானது. சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றே, ஏஎம்101 என்று தொடங்கும். இரண்டும் வேறென்றால் இன்ஜின் மாறியிருக்கிறது. லான்ச்சாவில் இரண்டும் பிறப்பிலேயே வேறு எண்கள். ஒத்துப்போகவில்லை என்று பயப்படவும் வேண்டாம், ஒத்துப்போகிறது என்ற வாய்ச்சொல்லை நம்பவும் வேண்டாம். தொழிற்சாலைப் பதிவிலிருந்து நிறுவனம் தரும் சான்றிதழ் ஒன்றே வழி. ஈசோவில் பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் வரிசை ஹெட்டுக்கு அடியில் உள்ள சிறிய சமதளத்தில் செவ்ரலேயின் முத்திரை இருக்கும். வார்ப்புத் தேதி காரின் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்தச் சமதளம் அரம் போட்டதுபோல் வழவழப்பாக இருந்தால் பிளாக் பின்னாளில் வந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

இத்தாலியிலேயே இருந்துவந்த கார் என்றால், அங்குள்ள பொது வாகனப் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் வரிசையின் காலவரிசைப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கைமாறியது, எந்த ஆண்டுகள் பதிவு நீங்கிக் கிடந்தது என்பது அதில் தெரியும். நடுவே பதினைந்து ஆண்டு வெற்றிடம் இருந்தால் அந்த ஆண்டுகளில் கார் திறந்தவெளியில் நின்றதா என்பதே பாடி பற்றிய உங்கள் முதல் கேள்வி.

டூரிங் கார்களில் இன்னொரு சாட்சி உண்டு. பானட் சட்டம், கதவுக் கீல், உள் தகட்டின் பின்புறம் ஆகிய இடங்களில் பாடிக்குரிய எண் குத்தியோ எழுதியோ இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் மோதல் கண்டு மாறாத பாகங்கள் என்று கொள்ளலாம்.

யாருக்கு எது

குடும்பத்தோடு, நான்கு பேராக, பட்டறை அருகில் இல்லாத ஊரில் வைத்து ஓட்டுபவருக்கு ஈசோ. வழியில் நின்றால் அந்த இன்ஜினைக் கிளப்பத் தெரிந்தவர் எங்கும் இருப்பார். பாடி நேர்மையாக இருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை.

சேகரிப்பின் மதிப்பு முக்கியம், ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போவதில்லை, மோதெனா வட்டாரத்துப் பழைய கைகளிடம் காரை அனுப்ப முடியும் என்பவருக்கு மசராட்டி. அதிலும் முதலில் தேட வேண்டியது முன் டிஸ்க்கும் ஐந்து கியரும் உள்ள கார்புரேட்டர் கூபே. இரண்டாவது, இன்ஜெக்‌ஷன் இன்னும் காரிலேயே நல்லபடி வேலைசெய்யும் ஜிடிஐ. சூப்பர்லெஜேரா விளிம்புகளைப் பிரித்துக் கட்டியதற்குப் படங்கள் இல்லாத, மேலே மட்டும் பளபளக்கும் மறுசீரமைப்புக் கார்களை விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். வெயிலில் ஓராண்டு நின்றால் விளிம்பில் கொப்புளம் வந்துவிடும்.

ஓட்டுவதே நோக்கம் என்றால், மலைச்சாலையில் காலையிலிருந்து மாலை வரை களைப்பில்லாமல் போக வேண்டும் என்றால், என் தேர்வு ஃப்ளமீனியா ஜிடி 2.8 3சி. மூன்றில் பொறியியல் அதிகம் சிந்திக்கப்பட்டது அதுதான், சந்தை இன்னும் அதற்கு முழு விலை வைக்கவில்லை. வாங்கும் பணத்தோடு பின் அமைப்பை ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றும் செலவையும் ஒரு செட் 400 மி.மீ. டயர் விலையையும் முதல் நாளே தனியாக ஒதுக்கிவிடுங்கள். விற்பவரிடம் அந்த வேலைக்கான பில் ஏற்கெனவே இருந்தால், அந்தத் தொகையில் பாதியை விலையில் விட்டுக்கொடுக்கலாம்.